தேயிலைக்கு மேலே ஒரு மழைக்காடு

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வான் பிடித்து வரும் குடும்பங்களுக்குக் குறைவில்லை. கொழும்பு, புத்தளம், காத்தான்குடி என்று எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். கிரகரி வாவியில் ஒரு படகுச் சவாரி, விக்டோரியா பூங்காவில் நாலு புகைப்படம், திரும்பும் வழியில் இரண்டு கட்டு லீக்ஸ், ஒரு கிலோ கரட். பிள்ளைகளுக்கும் சந்தோஷம், நமக்கும் ஒரு மாறுதல். ஆனால் மலைநாட்டின் பழைய சொத்து எது என்று கேட்டுப் பாருங்கள். தேயிலை என்றுதான் பலரும் சொல்வார்கள். இந்த மலைகளில் தேயிலைக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை, சகோதரிகளே. அதற்கு முன் இங்கே இருந்தது மழைக்காடு. அதில் மிச்சம் இன்றும் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து ராகலை வீதியில் கந்தப்பளைக்கு வாருங்கள். 6,000 அடிக்கும் மேற்பட்ட ஊர். கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலையும் மரக்கறித் தோட்டமும்தான். சற்றுத் தலையை நிமிர்த்தி மலை உச்சிகளைப் பாருங்கள். கரும்பச்சையாக, மூடுபனிக்குள் பாதி மறைந்து நிற்கிறதே, அதுதான் கந்தப்பளை–சீத்தா எலிய ஒதுக்குக்காடு. வீதியோரம் வரிசையாக நெடுநெடுவென்று நிற்கும் யூக்கலிப்டஸைக் காடு என்று எண்ணிவிடாதீர்கள். அது மனிதன் நட்டது.

சிங்கராஜவில் மரங்கள் வானைத் தொடும். இங்கே அப்படியில்லை. குளிரிலும் காற்றிலும் மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி தொங்கும். மழை பெய்யாத நாளிலும் காட்டுக்குள் சொட்டுச் சொட்டென்று நீர் விழும். மூடுபனி இலையிலும் பாசியிலும் பட்டுத் தண்ணீராகி வேருக்கு இறங்குகிறது. அந்த நீரை மண் பஞ்சுபோல் பிடித்து வைத்து, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தோட்டத்து லயங்களில் பெண்கள் குடம் வைத்துப் பிடிக்கும் பீலித் தண்ணீர் இப்படிப்பட்ட மலை ஊற்றுகளின் நீர்தான். பங்குனி வெயிலில் பீலி மெலிந்தால் எத்தனை நேரம் காத்து நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொழும்புச் சகோதரிகளும் இதை வேறு யாருடைய கவலையோ என்று விட்டுவிட முடியாது. உங்கள் குழாயில் வருவது களனி கங்கை; அது பிறப்பது இதே மலைத்தொடரில். மகாவலியும் வளவையும் இங்கிருந்தே இறங்குகின்றன.

இந்தக் காடு எப்படிப் போயிற்று? 1840இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலத்தையெல்லாம் முடிக்குரியதாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் வந்து சில வருடங்களில் கோப்பி அழிந்தது. அதற்குள் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வைத்திருந்தார். அது மலையெங்கும் பரவியது. மரம் வெட்டவும் கன்று நடவும் தமிழகத்திலிருந்து ஏழைகளைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்ததில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். வெட்டச் சொன்னவன் இலாபத்தோடு ஊர் திரும்பினான். வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் லயத்தில் இருக்கிறார்கள்.

1870களில் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். உச்சிகளில் ஏதோ மிஞ்சியது அதனால்தான். மிஞ்சியவற்றில் ஹோர்ட்டன் சமவெளி, பாவா ஆதம் மலையைச் சூழ்ந்த காடு, நக்கிள்ஸ் மலைக்காடு மூன்றையும் சேர்த்து 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

பாவா ஆதம் மலை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆதம் நபி (அலை) இறங்கிய இடம் இது என்று குர்ஆனில் இல்லை. ஆனால் ஆயிரம் வருடங்களுக்கு முந்திய அரபுக் கடலோடிகளின் குறிப்புகளிலேயே இம்மலை பேசப்படுகிறது. பௌத்தருக்கு ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம். இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கி இதில் ஏறினார். சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய இடங்களில் பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயராம்; அங்கிருந்து கீழே பார்த்தவர் பயத்தில் கலிமாச் சொல்லிவிடுவாராம்! காட்டு அட்டையையும் அவர் விடவில்லை. கடித்தால் எலுமிச்சம் புளி பிழிந்தால் விழுந்துவிடும் என்று எழுதியிருக்கிறார். கொழுந்து பறிக்கும் பெண்கள் சவர்க்காரமும் உப்பும் வைத்திருப்பதைப் பார்க்கும்போது இவர் நினைவுதான் வரும்.

முதன்முறை வருபவர்களுக்கு ஹோர்ட்டன் சமவெளிதான் ஏற்றது. வயதானவர்களும் மெதுவாக நடக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். சுபஹு தொழுதவுடன் நுவரெலியாவிலிருந்து புறப்படுங்கள். ஒன்பது மணி தாண்டினால் 'உலக முடிவு' மூடுபனியில் மறைந்துவிடும். 800 மீட்டருக்கு மேல் செங்குத்தான பள்ளம் அது, பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஜேர்சியும் வழுக்காத சப்பாத்தும் அவசியம். வழியில் மரைகள் அருகிலேயே மேயும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிப் புதர்களும் உண்டு. சில இடங்களில் மரங்கள் நின்றபடியே காய்ந்திருப்பதையும் காண்பீர்கள். 1970களிலிருந்து கீன மரங்கள் இப்படிப் பட்டுப் போகின்றன. வறட்சி, காற்றிலுள்ள மாசு என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள்.

மழைக்காலமென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது இந்த மாவட்டத்தில் மலைகள் சரிந்து எத்தனையோ வீடுகள் மண்ணுக்குள் போயின. வீதி நிலவரம் விசாரித்துப் புறப்படுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனையெல்லாம் எடுத்துவிடுவார்கள். முகம் சுளிக்காதீர்கள், உணவு வாசனைக்குப் பொலித்தீனைத் தின்று மரைகள் செத்திருக்கின்றன. சோற்றை வாழையிலையில் கட்டி எடுத்து வாருங்கள். ரொட்டியும் சம்பலுமானால் மூடியுள்ள டப்பா போதும். பிஸ்கட்டை வீட்டிலேயே உறை பிரித்து டின்னில் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சம் பழம் இரண்டு வைத்துக்கொண்டால் அட்டைக்கும் ஆகும், தேநீருக்கும் ஆகும்.