கருவி சொல்வதைக் கேட்காமல் அளவை மட்டும் எழுதலாமா?



மின்னணுப் பொருட்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், கருவிகளின் கையேட்டிலிருந்து சில பக்கங்களை அனுப்பியிருந்தார். "சார், நீங்க நடத்தின பைனரி எண்தான், பாருங்க" என்று ஒரு குறிப்பும் கூட. படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றியது. கருவியிடம் அளவை மட்டும் வாங்கிக்கொண்டு அதன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைக் கேட்காமல் விடுவது பாதி வேலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மல்டிமீட்டர், பவர் சப்ளை, ஆசிலோஸ்கோப் இவற்றையெல்லாம் தொழிற்சாலைகளில் இப்போது பெரும்பாலும் கையால் திருகுவதில்லை. கேபிள் வழியாகக் கணினி கட்டளை அனுப்பும். எந்தக் கம்பெனிக் கருவியானாலும் தன் நிலையை ஒரே முறையில் சொல்ல வேண்டும் என்று 1987-இல் ஐ.இ.இ.இ. 488.2 என்ற தரநிலை வகுத்தது. எட்டு விளக்குகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பு 1, 2, 4, 8 என்று 128 வரை. எரியும் விளக்குகளின் மதிப்பைக் கூட்டி, கருவி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும்.

36 வந்தால் என்ன? 32-உம் 4-உம். 32 என்றால் "நீ அனுப்பிய கட்டளை எனக்குப் புரியவில்லை". 4 என்றால் "பதிலே இல்லாதபோது பதில் கேட்கிறாய்". கேள்விக் கட்டளையில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளை பிரித்துச் சொல்லிவிடும் கணக்கு இது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. 1990-இல் வந்த எஸ்.சி.பி.ஐ. முறையில் கண்டிஷன் என்று ஒரு ரெஜிஸ்டர், ஈவென்ட் என்று இன்னொன்று. முதலாவது இப்போது இருப்பதைச் சொல்லும். இரண்டாவது நடந்துபோனதை நினைவில் வைத்திருக்கும். பவர் சப்ளையில் 5 வோல்ட், உச்ச வரம்பு 1 ஆம்பியர் என்று வைத்திருக்கிறோம். சோதிக்கும் போர்டு ஒரு கணம் அதற்கு மேல் இழுக்கப் பார்க்கிறது. பவர் சப்ளை மின்னோட்டத்தை 1 ஆம்பியரில் பிடித்து வைத்து, வோல்ட்டேஜைத் தாழ விடும். மறுகணம் எல்லாம் சரி. அளந்தால் 5 வோல்ட், கண்டிஷன் ரெஜிஸ்டரும் சுத்தம். ஈவென்ட் ரெஜிஸ்டரில் மட்டும், யாராவது படிக்கும் வரை, அந்த ஒரு பிட் அப்படியே நிற்கும். அந்தத் தொகுதிக்கே "சந்தேகத்துக்குரியவை" என்றுதான் பெயர் (தவறு என்று கூடச் சொல்லவில்லை, எவ்வளவு மரியாதை!). அதைக் கேட்காத ப்ரோகிராம் "பாஸ்" என்று அச்சடித்துவிடும். அந்தப் போர்டு நாளை ஒரு ஆஸ்பத்திரிக் கருவிக்குள் போகலாம்.

ஈவென்ட் ரெஜிஸ்டரைப் படித்தவுடன் அது அழிந்துவிடும். ஒரு ப்ரோகிராம் படித்துவிட்டால் அடுத்ததற்குக் கிடைக்காதே என்று இதைக் குறை சொல்வதில் நியாயம் உண்டு. என்றாலும் அழிவதுதான் சரி என்பேன். அழியாவிட்டால் நேற்றைய பிழையா, இன்றையதா என்று யாருக்குத் தெரியும்? நான் ஒப்புக்கொள்ளாதது, பிழை விளக்கு எரிந்ததும் காரணம் பார்க்காமல் அழிக்கும் கட்டளையை அனுப்பி அதன் வாயை அடைப்பது. அந்தக் கட்டளை சோதனைக்கு முன்னால் வர வேண்டியது.

ஒவ்வொரு தடவையும் கேட்டால் நேரமாகும் என்பார்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எந்தெந்த விளக்கு எரிந்தால் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக் கொடுத்துவிட்டால், கருவி தானாகவே கணினியை அழைக்கும்.

பாலிடெக்னிக்கில் லேப் நடத்தும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் "ஸ்டேட்டஸ்" என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். 0 வந்தால் 0 என்றே எழுதட்டும். அடுத்த செமஸ்டரிலேயே தொடங்கலாம், இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லையே.