நிகழ்தகவு 2 ஆகுமா?

"ஜாயின்ட் சி.டி.எஃப். கேட்டால் 0 முதல் x, 0 முதல் y, ரெண்டு தடவை இன்டக்ரேட் பண்ணு, முடிஞ்சது." தேர்வுக்கு முந்தைய இரவில் கைமாறும் தாரக மந்திரம் இது. பலிக்கிறதா என்று ஒரே ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

ஒரு கடைக்குப் பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குள் இரண்டு பேர் வருகிறார்கள். இருவருக்கும் சம்பந்தமில்லை, எந்த நேரத்திலும் வர சம வாய்ப்பு. பத்து மணியை 0, பதினொன்றை 1 என்று வைத்தால், முந்தி வருபவரின் நேரம் X, பிந்தி வருபவரின் நேரம் Y. அடர்த்திச் சார்பு 0<x<y<1 என்ற முக்கோணத்துக்குள் 2, வெளியே பூஜ்யம்.

மந்திரப்படி விடை 2xy. அதில் x=1, y=1 போட்டால் 2 வருகிறது. இருவரும் பதினொன்றுக்குள் வந்துவிடுவார்கள் என்பது இருநூறு சதவீதம் உறுதியாம்! கந்துவட்டிக்காரர்கூட இவ்வளவு துணிய மாட்டார் :-)

இன்டக்ரேஷனில் தப்பில்லை. படம் போடாததுதான் தப்பு. (x,y) புள்ளிக்கு இடதுபுறமும் கீழேயும் கிடக்கிற இடத்தில், முக்கோணத்துக்குள் விழுகிற பகுதியை மட்டும்தான் கூட்ட வேண்டும். உள்ளே ஓடும் மாறிகளுக்கு u, v என்று வேறு பெயர் வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். u 0-விலிருந்து x வரை. V ஆரம்பிப்பது 0-வில் இல்லை, u-வில், முடிவது y-யில். விடை 2xy − x². இதுவும் 0<x<y<1 இருக்கும்வரைதான். y 1-ஐத் தாண்டினால் 2x − x². y 1-க்குள் இருந்து x அதைவிடப் பெரிதானால் வெறும் y². X-க்கு அங்கே வேலையே இல்லை. முதல் விடையோடு பேனாவை மூடுபவர்கள்தான் அதிகம்.

நம்பாதவர்கள் இன்டக்ரேஷனே இல்லாமல் சரிபார்க்கலாம். இருவரும் y-க்குள் வர y². அதில் இருவருமே x-க்குப் பிறகு வருவது (y−x)². கழித்தால் அதே 2xy − x².

"காமர்ஸ்காரனுக்கு இது எதுக்கு?" என்ற சலிப்பும் உண்டு. 2000-ல் டேவிட் லி எழுதிய கட்டுரைக்குப் பிறகு வால் ஸ்ட்ரீட் கடன் தொகுப்புகளுக்கு விலை வைக்கப் பரவலாகப் பயன்படுத்திய காசியன் காப்புலா, ஒரு ஜாயின்ட் சி.டி.எஃப்.தான். பல கடன்கள் ஒன்றாகக் கவிழும் வாய்ப்பை அது குறைத்துக் காட்டியது என்று 2008-க்குப் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டது. அங்கேயும் சூத்திரத்தைத் தட்டியவர்கள் ஏராளம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் கொஞ்சம்.

பத்து மார்க் கேள்வியில் படத்துக்கு மூன்று மார்க் ஒதுக்கட்டும். x=1, y=1 போட்டுப் பார்த்தவனுக்கு இன்னொரு மார்க். அந்த மந்திரம் அடுத்த செமஸ்டரிலேயே செத்துப்போகும்.