சேற்று வயலுக்கு எந்த இயந்திரம்?

சங்கத்தின் பொதுப் பணத்தில் உழவு இயந்திரம் வாங்கக் கருதும் அங்கத்தினர்கள், குதிரைசக்தியை மட்டும் நோக்காது வயலையும் நோக்குதல் வேண்டும். கன்னடியன் கால் முதல் ஸ்ரீவைகுண்டம் கால்கள் வரை தாமிரபரணிப் பாசனம் பெரும்பாலும் நெல்லும் வாழையும் விளையும் நன்செய். நெல் வயலில், சேற்றுக்கு அடியிலுள்ள இறுகிய மண்படையே தண்ணீரைத் தாங்குகிறது. கனத்த டிராக்டர் புதைந்து அப்படை உடையுமாயின், நீரும் உரமும் கீழிறங்கி வீணாகும். சிறு வயல்களில் அது திரும்புவதும் அரிது.

1960களில் ஜப்பானியத் தொழில்நுட்ப உதவியுடன் நம் நாட்டில் உற்பத்தியாகத் தொடங்கிய பவர் டில்லரே இங்கு ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டினால் சேறு கலக்கும். ரப்பர் சக்கரம் மாற்றி வண்டி இணைத்தால் நெல் மூட்டையும் வாழைத்தாரும் சுமக்கும். மானாவாரிக் கரிசலுக்கோ டிராக்டரே தகும்.

இயந்திரத்தினும் முக்கியமானது முறை. பிசானத்துக்குத் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒருங்கே உழவு வேண்டும். நிலம் மிக்கவர் முந்திக்கொண்டால், சிறு விவசாயியின் நாற்று முற்றிப்போகும். ஆகவே, நிலத்தின் அளவு பாராமல், தண்ணீர் பாயும் வரிசையே உழவுக்கும் வரிசை எனப் பொதுக்குழுவில் தீர்மானம் எழுதிய பின்னரே விலை பேசுவோமாக.