முதல் வகுப்பின் மூன்று பாடங்கள்



பள்ளிகள் திறந்த இரண்டாம் வாரத்தில், ஒரு மாலைப் பொழுதில், இளந்தாய் ஒருவர் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். பையன் நம் பங்குத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்து பத்து நாள்களே ஆகியிருந்தன. அதற்குள் அவனை வேறு பள்ளிக்கு மாற்றிவிட வேண்டுமென்று அவர் தீர்மானித்திருந்தார்.

"சாமி, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிற பள்ளியில் முதல் வகுப்புக்கே பன்னிரண்டு நோட்டு. தினமும் மூன்று பக்கம் வீட்டுப்பாடம். இங்கே இவன் பாட்டுப் பாடுகிறான், படம் வரைகிறான், கதை கேட்கிறான், வீட்டுக்கு வந்துவிடுகிறான். இப்படியே போனால் இவன் என்றைக்குச் சாமி படிப்பது?"

அவருடைய கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. கூலி வேலைக்குச் சென்று மகனைப் படிக்க வைக்கும் தாயின் கவலை அது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில், பையன் தாழ்வாரத்துத் தூணருகே குந்தி அமர்ந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி பார்க்கிறாய்?" என்றேன்.

"எறும்பு."

"எறும்புக்கு எத்தனை கால்?"

அவன் இன்னும் குனிந்தான். விரலை நீட்டி எண்ணினான். "ஆறு" என்றான்.

தாயைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "நாலு என்றுதான் சாமி நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்" என்றார்.

ஆறு வயதுக் குழந்தை முதல் வகுப்பில் எதைக் கற்க வேண்டும்? நோட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டா அதை அளப்பது? இம்மாதம் இதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். கணக்குப் பாடத்தைப் பிறிதொரு மாதத்திற்கு விட்டுவிட்டு, மொழி, உடல்நலம், அறிவியல் ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒரு செய்தி. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2018 மே மாதத்தில் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், இவ்விரு வகுப்புக் குழந்தைகளின் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்று நடுவண் அரசு அறிவுறுத்தியது. பன்னிரண்டு நோட்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

மொழி

மொழிப்பாடத்தில் முதலாண்டின் இலக்கு யாது? 2021 ஜூலையில் நடுவண் அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம் இதை வரையறுத்துள்ளது. முதல் வகுப்பு முடியும்போது, தான் முன்பு பார்த்திராத ஒரு பகுதியில், நான்கைந்து எளிய சொற்கள் கொண்ட சிறு வாக்கியங்களைக் குழந்தை படிக்க வேண்டும். இவ்வளவே. நம் மாநிலத்தில் 2022 ஜூனில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஏறத்தாழ இதே நோக்கமுடையது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்று கருதி, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை அதில் வகுக்கப்பட்டது.

"முன்பு பார்த்திராத" என்னும் சொற்களைக் கவனியுங்கள். முழு இலக்கும் அச்சொற்களில்தான் அடங்கியுள்ளது. இதை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று.

குருவாகிச் சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிற்றூர்ப் பங்கில் பொறுப்பேற்றிருந்தேன். அங்கிருந்த தொடக்கப் பள்ளிக்குத் தாளாளரும் நானே. ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நீண்டதொரு பாடத்தை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்தான். என் கையாலேயே அவனுக்குப் பரிசளித்தேன். அடுத்த ஞாயிறு திருப்பலியில் வாசகம் படிக்க அவனை அழைத்தேன். அவன் வந்து புத்தகத்தின் முன் நின்றான். கோவில் முழுவதும் காத்திருந்தது. அவனுடைய உதடுகள் அசைந்தன, ஓசை வரவில்லை. பூசை முடிந்ததும் தனியே அழைத்துக் கேட்டேன். "அக்கா படித்துச் சொல்லுவாள் சாமி, நான் கேட்டு வைத்துக்கொள்ளுவேன். இதை அக்கா சொல்லித் தரவில்லை" என்றான்.

ஐந்து ஆண்டுகளாக அவன் காதால் படித்திருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி பெற்றிருக்கிறான். அவற்றுள் மூன்று ஆண்டுகளின் தேர்ச்சிப் பட்டியலில் இருந்தது என் கையொப்பம். பள்ளிச் சுற்றுச்சுவருக்கு எத்தனை லோடு செங்கல் வந்தது என்று எனக்குத் தெரியும். இவனுக்கு எத்தனை எழுத்துத் தெரியும் என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. ஆசிரியை ஒருவர் மாலைதோறும் அவனை அமர்த்திச் சொல்லிக்கொடுத்தார். ஓரளவு தேறினான். ஆயினும் ஆறு வயதில் விளையாட்டாக வரவேண்டியது, பதினொரு வயதில் வெட்கத்தோடு கற்கையில் எளிதில் வருவதில்லை. எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

ஆகவே, பெற்றோரே, உங்கள் குழந்தை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும்போது மகிழுங்கள். ஆனால் அத்துடன் நிறைவடைந்துவிடாதீர்கள். ஒரு பலகையில் "பாட்டி பால் தந்தாள்" என்று நீங்களே எழுதிக் காட்டுங்கள். புத்தகத்தில் இல்லாத வாக்கியமாக இருக்கட்டும். விரலை வைத்து, எழுத்துக் கூட்டியேனும் குழந்தை படித்து, "எந்தப் பாட்டி?" என்று உங்களைக் கேட்குமானால், அதுவே படிப்பு.

247 எழுத்துகளை எப்படி ஒரு குழந்தை கற்கும் என்று மலைப்பவர் உண்டு. 247 வடிவங்களை அது தனித்தனியே கற்க வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று; இவற்றோடு கால், கொம்பு, சுழி முதலிய துணைக்குறிகளின் வேலை புரிந்துவிட்டால், உயிர்மெய் 216-இல் பெரும்பாலானவற்றைக் குழந்தை தானே ஊகித்துவிடும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் சற்று அதிகப் பழக்கம் தேவை. ட, ப ஆகிய இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, ம-வில் மட்டும் ஒரு வளைவு உண்டு. பிஞ்சுக் கைக்கு எளியவை. இம்மூன்றும் மெய்க்குரிய புள்ளியும் தெரிந்த குழந்தை, படம், பட்டம், மடம், மட்டம் எனச் சொற்களையே எழுதத் தொடங்கிவிடும்.

நான் முதல் வகுப்புப் படித்த காலத்தில் 'லை', 'னை' முதலியவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்பு இருந்தது. அதை வளைக்கத் தெரியாமல் நான் அழுததுண்டு. 1978 அக்டோபரில் வந்த அரசாணை இவை உட்பட 13 எழுத்துகளைச் சீர்செய்து, மற்ற எழுத்துகளின் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. இன்றைய குழந்தைக்கு அத்துன்பமில்லை.

எழுத்துக்கு முன்னே பேச்சு வளர வேண்டும். பள்ளியிலிருந்து வந்த குழந்தையிடம் "எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேளாதீர்கள். "இன்று என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டு, முடிக்கும்வரை குறுக்கிடாமல் செவிகொடுங்கள். நடந்ததை முன்பின் மாறாமல் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, நாளை கட்டுரை எழுத வேறு பயிற்சி அதிகம் வேண்டியிராது. பாட்டிமார் கதை சொல்லும் வீட்டில் பாதிப் பாடம் நடந்துவிடுகிறது.

உடல்நலம்

இப்பாடத்தின் இலக்கு, அறிவைவிடப் பழக்கமே. "உண்பதற்கு முன் கை கழுவ வேண்டும்" என்று எழுதத் தெரிந்த குழந்தை இன்னும் இலக்கை எட்டவில்லை. யாரும் சொல்லாமலே சோப்பைத் தேடிப்போகும் குழந்தையே எட்டியது.

உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணிலிருந்து நகக்கண் வழியே வாய்க்குப் போகின்றன. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. வகுப்பில் தூங்கி விழும் குழந்தையைச் சோம்பேறி என்கிறோம். பல வேளைகளில் அது இரத்தச்சோகை. 2015 முதல் நடைபெறும் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளியில் அல்பெண்டசோல் மாத்திரை தருவார்கள். அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர் சிலரை நான் அறிவேன். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். கரும்பலகை சரியாகத் தெரியாததால் பின்தங்கும் குழந்தையும் உண்டு. கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.

பல்லைப் பற்றி ஒரு செய்தி. ஆறு வயதளவில் பால்பற்களுக்குப் பின்னால், மேலும் கீழும் இருபுறமும், நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை எந்தப் பால்பல்லும் விழாமலே வருவதால், பலரும் இவற்றையும் பால்பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். அவை விழுந்து முளைப்பவை அல்ல. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பற்கள் அவை.

பசித்த வயிற்றில் எழுத்து ஏறாது. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பங்குப் பள்ளிகள் பலவும் இவற்றுள் அடங்கும். அங்கே உண்பது இரந்து உண்பதன்று. கூச்சப்படாமல் குழந்தையை நேரத்தோடு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். தன் உடல் தனக்குரியது என்பதும் முதல் வகுப்பின் உடல்நலப் பாடமே. உடலின் மறைவான உறுப்புகளை எவரேனும் தொட முயன்றால், உரக்க "வேண்டாம்" என்று சொல்லி, அவ்விடத்தை விட்டு ஓடிவந்து, பெற்றோரிடம் சொல்லக் குழந்தைக்குக் கற்பியுங்கள். தொட்டவர் உறவினராயினும், ஆசிரியராயினும், என்னைப் போன்ற குருவாயினும் இதில் விலக்கில்லை. குழந்தை வந்து சொல்லும்போது, "பெரியவர்களைப் பற்றி அப்படிப் பேசாதே" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். நம்புங்கள். உதவிக்கு 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது.

அறிவியல்

நம் மாநிலத்து முதல் வகுப்பில் இதற்குச் சூழ்நிலையியல் என்று பெயர். குழந்தையின் உடல், உணவு, சுற்றியுள்ள செடி, விலங்கு, பறவை ஆகியவையே பாடப்பொருள். உற்றுப் பார்த்தல், ஒத்தவற்றை வகைப்படுத்தல், கண்டதைத் தன் சொல்லில் கூறுதல், ஏனென்று கேட்டல் என்னும் நான்கும் கைவந்தால் முதலாண்டு அறிவியல் முடிந்தது.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பச்சைப்பயற்றில் பத்து மணியை ஈரத்துணியிலும், பத்து மணியை உலர்ந்த துணியிலும் வைத்து, இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். முளைப்பதற்கு எது தேவை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், குழந்தை சொல்லும். ஒரு வாளித் தண்ணீரில் நாணயத்தையும் கொட்டாங்கச்சியையும் போட்டு, மிதப்பது எது, மூழ்குவது எது என்று கேளுங்கள். காலையில் நீண்ட நிழல் உச்சியில் காலடியில் ஒடுங்குவதை முற்றத்தில் காட்டுங்கள். எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு என்று நாம் சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடும். அது தானே எண்ணினால் மறவாது.

கேள்வி கேட்கும் குழந்தையை "தொணதொணக்காதே" என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, வா பார்க்கலாம்" என்று சொல்வதில் பெற்றோருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. எறும்பின் கால்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே உண்மையை ஒப்புக்கொண்ட அந்தத் தாய், அந்த ஒரு கணத்தில் நல்ல அறிவியல் ஆசிரியையாக இருந்தார்.

அவரிடம் நான் வேறு ஒன்றும் வற்புறுத்தவில்லை. "அம்மா, ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அவனைச் சோதியுங்கள். தேறவில்லையென்றால் என்னிடம் வந்து கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது என் கடமை" என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார். மறுநாள் காலையிலேயே நான் முதல் வகுப்பறைக்குச் சென்றேன். கரும்பலகையில் புத்தகத்தில் இல்லாத வாக்கியம் ஒன்றை எழுதினேன். பத்து நாளே ஆன குழந்தைகள், ஒருவரும் படிக்கவில்லை. அதில் வியப்பில்லை. அந்த வாக்கியத்தை என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் அதே வகுப்பறைக்கு மீண்டும் செல்வேன்.

உங்கள் பிள்ளை எப்பள்ளியில் படித்தாலும், நீங்களும் இன்றிரவு ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.