ஜி.டி., ஆர்.எஸ்., 'எம்'... பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி பழைய கார் வாங்கலாமா?

திருச்சி தில்லை நகரில் ஒரு வெள்ளை நிற போலோ விற்பனைக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 'ஜி.டி.', அதற்கு எதிர்ப்பக்கம் 'டி.எஸ்.ஐ.'. "சார், ஒரிஜினல் ஜி.டி., சிங்கிள் ஓனர். இந்த வண்டி இப்போ வர்றதே இல்ல" என்கிறார் விற்பவர். சாதாரண போலோவைவிட லட்சம், ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்கிறார். வாங்க வந்தவர் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்து மூன்றாண்டு ஆனவர். சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் இந்தக் கார். அந்தக் கூடுதல் பணம் எதற்காக? பின்னால் ஒட்டியிருக்கும் சில எழுத்துகளுக்காக. அதே எழுத்துகள் உதிரிபாகக் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

2022இல் போலோ உற்பத்தி இந்தியாவில் நின்றுவிட்டது. 2025 மே மாதம் கோல்ஃப் ஜி.டி.ஐ. 52.99 லட்சம் ரூபாய்க்கு வந்தது. அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 49.99 லட்சத்துக்குத் திரும்பி வந்தது. மொத்தம் 100 கார்கள்தான், அத்தனையும் முன்பதிவிலேயே தீர்ந்தன. (இரண்டுமே ஷோரூம் விலை.) புதிதாக வாங்க ஐம்பது லட்சம் வேண்டும், அப்படியே வைத்திருந்தாலும் கார் கிடைக்காது என்றால், வேகமான கார் மீது ஆசை உள்ளவர்களின் பார்வை பழைய கார் பக்கம்தான் திரும்பும். போலி எழுத்துகளுக்கு மதிப்பு கூடுவது அப்போதுதான்.

நம்பர் பிளேட் சொல்வதும் சொல்லாததும்

டி.என்.45 என்றால் திருச்சி மேற்கு, டி.என்.81 என்றால் திருச்சி கிழக்கு, டி.என்.48 என்றால் ஸ்ரீரங்கம். "நம்ம ஊர் வண்டி, டி.என்.48" என்பது உள்ளூரில் ஒரு நம்பிக்கை வார்த்தை. ஆனால் பதிவெண் எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதை மட்டுமே சொல்லும். கார் எந்த ரகம், எந்த இன்ஜின், எந்த மாதம் தயாரானது என்பதெல்லாம் ஆர்.சி.யிலும் சேசிஸ் எண்ணிலும்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சி.சி. வித்தியாசம்

போலோவையே எடுத்துக்கொள்வோம். 2013 ஏப்ரலில் வந்த ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் இருந்தது 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். நான்கு சிலிண்டர், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். அதே காலத்தில் விற்ற சாதாரண பெட்ரோல் போலோவிலும் 1.2 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் அது டர்போ இல்லாத மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

வித்தியாசம் ஆர்.சி.யில் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது. ஜி.டி. டி.எஸ்.ஐ. 1197 சி.சி., சாதாரண போலோ 1198 சி.சி. டர்போ இல்லாத இன்ஜினுக்குத்தான் ஒரு சி.சி. அதிகம்! 'ஜி.டி. டி.எஸ்.ஐ.' என்று எழுதிய 2015ஆம் ஆண்டு காரின் ஆர்.சி.யில் 1198 என்று இருந்தால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கியரும் காட்டிக்கொடுக்கும். அந்த ஜி.டி. டி.எஸ்.ஐ. மேனுவல் கியரில் விற்கப்படவே இல்லை. கிளட்ச் பெடல் இருந்தால் அது வேறு ஏதோ ஒன்று.

இந்தத் தந்திரம் 2020க்குப் பிறகு பலிக்காது. பிஎஸ்-6 விதி வந்தபோது 1.2 டி.எஸ்.ஐ. போய், மூன்று சிலிண்டர் 1.0 டி.எஸ்.ஐ. வந்தது. அது 110 குதிரைத்திறன். சாதாரண போலோவிலும் அதற்குள் 76 குதிரைத்திறன் கொண்ட 1.0 லிட்டர் இன்ஜின் வந்துவிட்டது. இரண்டுமே 999 சி.சி. டி.எஸ்.ஜி.யும் போய், ஆறு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக் வந்தது. கூடவே, 'ஜி.டி.' என்ற பெயர் இல்லாத ஹைலைன் பிளஸ் ரகத்திலும் அதே 110 குதிரைத்திறன் டர்போ இன்ஜின் மேனுவல் கியரோடு கிடைத்தது. எழுத்து இல்லாமலே சக்தி இருந்த கார் அது.

2013க்கும் 2022க்கும் ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு வேறு கார்கள். இன்ஜின் சத்தமும் கியர் மாறும் விதமும் பழைய ஜி.டி.யில்தான் நன்றாக இருக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அதே பழைய ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி பழுதானால் பர்ஸ் கிழியும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும். நகர நெரிசலில் ஊர்ந்தே ஓடிய காராக இருந்தால், அந்தப் பெட்டியை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டாமல் முன்பணம் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

'ஜி.டி.' டீசலிலும் வந்தது, அது ஜி.டி. டி.டி.ஐ. 'ஜி.டி.ஐ.' என்பது முற்றிலும் வேறு ஆள். 2016 நவம்பரில் இறக்குமதியாகி வந்த, 192 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் கார். இதைச் சோதிக்க ஆர்.சி.கூட வேண்டாம், கதவை எண்ணினால் போதும். இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்ற போலோ ஜி.டி.ஐ.க்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நான்கு பக்கக் கதவு உள்ள போலோவில் 'ஜி.டி.ஐ.' என்று சிவப்பு எழுத்து மின்னினால், அது அலங்காரம்.

ஆர்.எஸ். என்றால் எந்த ஆர்.எஸ்.?

ஸ்கோடாவின் ஆர்.எஸ். இந்தியாவுக்கு வந்து இருபதாண்டு தாண்டிவிட்டது. 2004இல் வந்த முதல் ஆக்டேவியா ஆர்.எஸ்.ஸில் 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 2011இல் வந்தது லாரா ஆர்.எஸ். இங்கேதான் ஒரு சின்ன ஏமாற்றம். அதில் இருந்தது சாதாரண லாரா 1.8 டி.எஸ்.ஐ.யில் இருந்த அதே 160 குதிரைத்திறன் இன்ஜின். பம்பர், சக்கரம், தோற்றம் எல்லாம் ஆர்.எஸ்., இன்ஜின் மட்டும் பொதுச்சொத்து. அசல் லாரா ஆர்.எஸ்.ஸே பாதி தோற்றக் கார்தான் என்றால், அதன் நகலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை என்னவென்று சொல்வது?

2017இல் வந்ததுதான் நிஜமான தாவல். 2.0 லிட்டர், 230 குதிரைத்திறன். அடுத்து 2020இல் ஆர்.எஸ்.245, பெயரிலேயே 245 குதிரைத்திறன். இந்தியா முழுமைக்கும் 200 கார்கள் மட்டுமே. கியர் பெட்டி ஆறிலிருந்து ஏழு கியருக்கு மாறியது. 2025இல் வந்தது 265 குதிரைத்திறன்.

2017 முதல் 2020 வரையிலான கார்களில் சோதிப்பது சுலபம். அப்போது விற்ற சாதாரண ஆக்டேவியாவின் பெரிய பெட்ரோல் இன்ஜின் 1798 சி.சி., ஆர்.எஸ். 1984 சி.சி. ஆனால் 2021இல் வந்த புதிய தலைமுறை சாதாரண ஆக்டேவியாவிலேயே 1984 சி.சி. இன்ஜின்தான், 190 குதிரைத்திறன். அந்தக் காருக்கு கறுப்பு கிரில்லும் ஆர்.எஸ். பம்பரும் மாட்டிவிட்டால், 2025 மாடலிலிருந்து சி.சி.யை வைத்துப் பிரிக்க முடியாது. இங்கே தயாரிப்பு மாதமும் குதிரைத்திறனும்தான் கைகொடுக்கும். புதிய வடிவ ஆர்.சி. அட்டைகளில் சி.சி.க்குப் பக்கத்திலேயே குதிரைத்திறனும் இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

எழுத்து அசல், அர்த்தம் வேறு

போலி எழுத்தைவிடக் குழப்புவது, நிறுவனமே ஒட்டித் தரும் எழுத்து. சென்னை அருகே பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் இணைக்கப்படும் 3 சீரிஸ் கார்களில் 'எம் ஸ்போர்ட்' என்று ஒரு ரகம் உண்டு. அதன் பக்கவாட்டில் 'எம்' முத்திரை இருக்கும், அது அசல்தான். ஆனால் 330ஐ எம் ஸ்போர்ட்டில் இருப்பது 1998 சி.சி., நான்கு சிலிண்டர். 2021 மார்ச்சில் வந்த எம்340ஐ காரில் 2998 சி.சி., ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். 2022 டிசம்பரில் புதுப்பித்தபோது அது 374 ஆனது. புது மாடல் என்றால் சக்தி கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலே முழு 'எம்' காரான எம்3 தனியாக இருக்கிறது.

ஹூண்டாய் ஐ20 என் லைனும் இந்த வகைதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி 2021இல் வந்தபோது, சாதாரண ஐ20 டர்போவில் இருந்த அதே 120 குதிரைத்திறன் இன்ஜின்தான் இதிலும். மாறியது சஸ்பென்ஷன், புகைபோக்கிச் சத்தம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். வெளிநாட்டில் 204 குதிரைத்திறனோடு ஓடும் 'ஐ20 என்' இங்கே விற்பனைக்கு வரவே இல்லை. 'லைன்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டு 'என்' மட்டும் ஒட்டிய ஐ20யைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம். 2023 செப்டம்பரில் சாதாரண ஐ20யிலிருந்து டர்போ நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு தயாரானவற்றில் டர்போ வேண்டுமென்றால் என் லைன் மட்டும்தான்.

கோவையில் பிறந்த ஜே.டி.பி.

சிறு பட்ஜெட்காரர்கள் தேடும் ஒரு பெயர் டியாகோ ஜே.டி.பி. கோவையின் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 அக்டோபரில் 6.39 லட்சம் ரூபாய்க்கு வந்தது. சாதாரண டியாகோ 85 குதிரைத்திறன், ஜே.டி.பி. 114. பானட் மேலே காற்றுத்துளை, கறுப்புக் கூரை, சிவப்புக் கோடுகள் என்று தோற்றமே தனி. துரதிர்ஷ்டவசமாக, அத்தனையும் பட்டறையில் நகலெடுக்கக் கூடியவை. இரண்டுமே 1.2 லிட்டர் பெட்ரோல் என்பதால் சி.சி.யும் உதவாது. பானட்டைத் திறந்து டர்போ இருக்கிறதா என்று பார்ப்பதே வழி. பிஎஸ்-6 வந்ததோடு 2020இல் இந்தத் திட்டம் முடிந்துவிட்டது. '2021 மாடல் ஜே.டி.பி.' என்று ஒன்று கிடையாது. மாருதி பெலினோ ஆர்.எஸ். விஷயத்தில் இவ்வளவு தலைவலி இல்லை. ஆர்.எஸ். 998 சி.சி., அந்தக் காலத்து சாதாரண பெட்ரோல் பெலினோ 1197 சி.சி.

மாடல் ஆண்டு எது?

நம் ஊரில் 'மாடல்' என்றால் பெரும்பாலும் பதிவான ஆண்டைச் சொல்வார்கள். டிசம்பரில் தயாராகி ஜனவரியில் பதிவான கார் பேச்சில் ஒரு வயது குறைந்துவிடும். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தனியாக இருக்கும், அதுதான் கணக்கு. சேசிஸ் எண் 17 எழுத்துகள் கொண்டது. பல நிறுவனங்கள் அதன் 10வது எழுத்தில் ஆண்டைக் குறிக்கின்றன. ஜே என்றால் 2018, எல் என்றால் 2020, எஸ் என்றால் 2025. எல்லா நிறுவனமும் இதே இடத்தில் வைப்பதில்லை என்பதால், இதைச் சந்தேகம் எழுப்பும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. காரின் உடலில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொறித்த இடத்தில் தேய்ப்போ புது பெயின்ட்டோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

'இன்ஜினையே மாத்திட்டோம் சார்'

சிலர் இதைப் பெருமையாகவே சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. விவரம் முரண்படும்படி வாகனத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மாற்றியது பழைய உரிமையாளராக இருக்கலாம், சோதனையில் வண்டியோடு நிற்பது வாங்கியவர்தான். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க இடமிருக்கிறது.

எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் மாடல் பெயர் வரும், ஆனால் சில கார்களுக்கு அது சுருக்கமாகத்தான் இருக்கும். அதைவிடப் பயனுள்ள காகிதம் ஒன்று உண்டு: கார் புதிதாக வாங்கியபோது எடுத்த முதல் இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் ரகத்தின் பெயர் முழுதாக இருக்கும். யாரும் அப்போது பொய் எழுத வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாறு கேட்டால், எந்த ரகமாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது என்பதும் தெரிந்துவிடும். விற்பவரும் கூடவே வந்து கேட்பது நல்லது.

டெஸ்ட் டிரைவை தில்லை நகர் குறுக்குத் தெருக்களிலோ ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலோ முடித்துக்கொள்ள விற்பவர் விரும்பலாம். அந்த வேகத்தில் 75 குதிரைத்திறனும் 105ம் ஒன்றுபோலத்தான் தெரியும். கொள்ளிடம் பாலம் தாண்டி, சமயபுரம் பக்கம் நெடுஞ்சாலையில், வேக வரம்புக்குள்ளேயே ஒரு லாரியை முந்திப் பார்க்க வேண்டும். "இல்ல சார், வண்டில பெட்ரோல் கம்மியா இருக்கு" என்று பதில் வந்தால், பெட்ரோல் போட வாங்குபவரே பணம் தரலாம். முன்பணத்தைவிட அது மலிவு.