எலிக்குட்டி வேணுமா சார், எலிக்குட்டி?

போன ஞாயித்துக்கிழமை எங்க சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில ஒரு படம் வந்தது. இளஞ்சிவப்பா, விரல் நுனி அளவுக்கு, கண்ணு திறக்காத எலிக்குட்டிங்க பத்து. கீழே "ஸோ க்யூட்! யாருக்கு வேணும்? இலவசம்"னு ஒரு வரி. போட்டவர் நம்ம ஊர்க்காரர்தான், திருச்சிப் பக்கம். சாயங்காலத்துக்குள்ள நாப்பது பேருக்கு மேல இதயம் போட்டிருந்தாங்க. குட்டி வேணும்னு ஒருத்தர் கூடக் கேக்கலை.

எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல, பாதி என் மேல. ஏன்னா 2022ல இதே மாதிரிப் படத்தை இதே குழுவில போட்டவன் நான்.

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, நான் எலியைப் பார்த்து உருகற ஆள் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். பயிர் கதிர் விடற சமயத்துல வயல்ல மூங்கில் கிட்டி வச்சு எலி பிடிக்கிறதும், காலையில மாட்டினதை எண்ணி கிட்டி வச்சவருக்குக் கூலி கொடுக்கறதும் பார்த்து வளர்ந்தவன். நெல்லைத் திங்கிற எலியை எங்கப்பா கொன்னார், அதை மறைச்சதும் இல்லை. நான் செஞ்சது அதை விடக் கேவலம். கொஞ்சறேன்னு வாங்கி, வளர்க்கறேன்னு பெருக்கி, முடியலைன்னு சாக விட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

புனேவுக்கு மாற்றலாகி வந்த புதுசு. பொண்ணு மூணாங்கிளாஸ். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பால்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. "நாய் வாங்கலாம்ப்பா"ன்னா. வாடகை ஒப்பந்தத்திலேயே நாய், பூனை கூடாதுன்னு வீட்டுக்காரர் எழுதி வாங்கியிருந்தார். மூணு வருஷத்துக்கு ஒரு மாற்றல், மே மாசம் இருபது நாள் ஊர்ப் பயணம். நமக்கெல்லாம் நாய் சரிப்படாதுன்னு தங்கமணியும் சொல்லியாச்சு. அப்பத்தான் எனக்கு அந்த அறிவாளித்தனமான யோசனை வந்தது: சின்ன உயிரா வாங்கிட்டா பொறுப்பும் சின்னதா இருக்குமே!

இந்த ஒரு நினைப்பை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு முழுக்க.

ஜூலையில ஒரு ஞாயித்துக்கிழமை கடைக்குப் போனோம். ஒரே கண்ணாடித் தொட்டியில முப்பது நாப்பது வெள்ளெலி. "ரெண்டும் ஆண் சார், குட்டி போடாது, கேரண்டி"ன்னு இந்தியில சொல்லி ஜோடியை அட்டைப் பெட்டியில போட்டுக் கொடுத்தான். ஊருக்கு ஃபோன் பண்ணிச் சொன்னப்ப எங்கம்மா, "எலியைக் காசு குடுத்தாடா வாங்கின?"ன்னு கேட்டதோட சரி, பத்து நிமிஷம் சிரிப்புதான்.

பதினெட்டாம் நாள், ஆகஸ்ட் 4ஆம் தேதி காலையில, "கேரண்டி" பதினோரு குட்டி போட்டிருந்தது.

எலிக்குக் கர்ப்ப காலம் 21லிருந்து 23 நாள். கணக்குப் போட்டுப் பாருங்க. கடைத் தொட்டியிலேயே வேலை முடிஞ்சிருக்கு. ஆணையும் பெண்ணையும் பிரிக்காம ஒண்ணாப் போட்டு வச்சிருந்தா வேற என்ன ஆகும்? இத்தனைக்கும் எலியில ஆண் பெண் பார்க்கறது பெரிய வித்தை இல்லை. நாலு வாரத்துக்கு மேல ஆணோட விதைப்பை கண்ணுக்கே தெரியும். கடைக்காரனுக்குத் தெரியலைன்னு நான் நம்பலை. அவனுக்கு அது அவசியப்படலை. நானும் திருப்பிப் போட்டுப் பார்க்கலை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது இன்னொரு கூண்டு வாங்கி வந்து ஆணைத் தனியா வச்சேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு. ஆனா பெண் எலி குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள்ளேயே மறுபடி சினைக்குத் தயாராயிடும். நான் கூண்டு வாங்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பதினோரு குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டே அந்தத் தாய் வயித்துல அடுத்த ஈட்டைச் சுமந்தது. ஆகஸ்ட் 30, விநாயகர் சதுர்த்திக்கு முந்தின ராத்திரி, இன்னும் ஒன்பது. அது எலும்பும் தோலுமா இருந்தது. பக்கத்து வீட்டுக் காகு வந்து பார்த்துட்டு, "பாப்பா வர்றதுக்கு முன்னாடியே உந்தீர் மாமா வந்துட்டாரே"ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள வயித்தைக் கலக்கிச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை ஒளிக்காமச் சொல்றேன். முதல் ஈட்டுல ரெண்டு செத்துப் போச்சு. நாலைக் கெஞ்சிக் கூத்தாடித் தெரிஞ்சவங்க தலையில கட்டினேன். அதுல ஒரு நண்பர் ஒரு மாசம் கழிச்சு ஃபோன் பண்ணி, "உன் எலி எட்டு போட்டிருக்குடா"ன்னார். அஞ்சாறு வாரத்துலேயே எலிக்குட்டி சினை பிடிக்கிற வயசுக்கு வந்துடும், கூடப் பிறந்ததுன்னெல்லாம் அதுக்குக் கணக்குக் கிடையாது. நான் அதைத் தெரிஞ்சுக்கறதுக்குள்ள அவர் வீடும் என் வீடாயிருந்தது.

மீதி அஞ்சு. செப்டம்பர் 11, பிள்ளையாரைக் கரைச்ச மூணாம் நாள். செருப்பு டப்பாவில போட்டு வேதாள் டெக்டிக்கு எடுத்துட்டுப் போனேன். "இயற்கையோட போய்ச் சேரட்டும்"னு ஆபீஸ்ல ஒருத்தர் யோசனை சொல்லியிருந்தார். டப்பாவைச் சாய்ச்சேன். அதுங்க ஓடலை. கூண்டையும் எங்க கையையும் தவிர வேற எதையும் பார்க்காத உயிர்ங்க. புல்லை மோந்து பார்த்துட்டு, திரும்பி வந்து என் ஷூவைச் சுத்தி உட்கார்ந்துச்சு. காலை உதறிட்டு நடந்தேன். இருபது முப்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தா காக்கா இறங்கியிருந்தது. வெள்ளை நிறம், பச்சைப் புல்லு. வேற என்ன சொல்ல.

பொண்ணுகிட்ட "பெரிய தோட்டத்துல விட்டுட்டேன்மா"ன்னு சொன்னேன். போன வருஷம் திடீர்னு கேட்டா, "அப்பா, அந்த அஞ்சும் தோட்டத்துல எத்தனை நாள் இருந்திருக்கும்?" நான் செய்தித்தாளைப் புரட்டிக்கிட்டே இருந்தேன்.

இந்த "இயற்கையில விடறது"ன்னு சொல்றோமே, அதை மட்டும் தயவு செஞ்சு நம்பாதீங்க. வெள்ளெலி காட்டு விலங்கு இல்லை. சாக்கடையில ஓடற பழுப்பு எலியோட இனம்தான், ஆனா தலைமுறை தலைமுறையா மனுஷன் கையில வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துல, விக்டோரியா ராணிக்கு எலி பிடிச்ச ஜாக் பிளாக்னு ஒருத்தர், பிடிச்ச எலிகள்ல நிறம் வித்தியாசமா இருந்ததைத் தனியா வளர்த்து வித்திருக்கார். அப்ப ஆரம்பிச்ச கதை. இதைக் கொண்டு போய் மலையில விடறதும் தெருவில எறியறதும் ஒண்ணுதான். சட்டப்படியும் குத்தம்தான். 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துல, பட்டினியில தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிட்டா முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. செருப்பு டப்பா விலை கூட இல்லை!

கடைக்கும் விதி இருக்கு. 2018ல வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள்ல நாய், பூனையோட எலி வகையையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கு. மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு செய்யாம கடை நடத்தக் கூடாது. பதிவுச் சான்றிதழ் எங்கேன்னு நான் கேக்கலை. நீங்க கேட்டிருக்கீங்களா?

"பிறப்புங்கிற அதிசயத்தைக் குழந்தைங்க பார்க்கட்டுமே"ன்னு சிலர் சொல்வாங்க. குழுவில படம் போட்ட திருச்சிக்காரரும் அதைத்தான் சொன்னார். பார்க்கட்டும் சார், நல்லதுதான். பொறந்த பத்தும் ரெண்டு வருஷம், ரெண்டரை வருஷம் உயிரோட இருக்குமே, அதையும் சேர்த்துப் பார்ப்பாங்களா? பொறப்பை மட்டும் காட்டிட்டு மீதியை டப்பாவில போட்டு மூடினா, குழந்தை கத்துக்கறது அதிசயத்தை இல்லை. வேண்டாதப்போ எதையும் கழிச்சுக் கட்டலாம்ங்கிறதைத்தான்.

"எலிதானே, மருந்து வச்சுக் கொல்றோமே"ன்னு இன்னொரு வாதம். ஆமா, கொல்றோம். ஆனா மருந்து வச்ச எலிக்கு நாம பேர் வைக்கலை, தோள்ல ஏத்திக்கிட்டுப் படம் எடுக்கலை. வான்னு கூப்பிட்டு வீட்டுக்குள்ள வச்சதுக்குச் சோறு போடறது நம்ம கடமை. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, ஏற்கெனவே வீட்ல எலி இருக்கா? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

எலி கூட்டமா வாழற பிராணி, ஒத்தையா வைக்காதீங்க. ரெண்டு வைங்க, ரெண்டும் ஒரே பால். வாங்கற இடத்திலேயே வாலுக்கு அடியில பாருங்க. சந்தேகம்னா கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிட்டு அப்புறமா ஒரே கூண்டுல விடுங்க.

சினைன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஆணைப் பிரிச்சிடுங்க. பிரசவம் வரைக்கும் காத்திருக்காதீங்க. கூடு கட்டத் துண்டு துண்டாக் கிழிச்ச காகிதம் போதும். வாசனை வர்ற மரத்தூள் வேண்டாம், எலிக்கு நுரையீரல்தான் பலவீனம். தாய்க்கு வழக்கமான தீனியோட வேக வச்ச முட்டை கொஞ்சம் கொடுங்க. முதல் ரெண்டு நாள் விருந்தாளிக் கூட்டம் சேர்த்து அதை மிரட்டாதீங்க. குட்டி வயித்துல தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு பட்டை தெரியும், அது குடிச்ச பால். அது தெரிஞ்சா பயப்பட வேண்டாம். தெரியலைன்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க, நீங்களா பசும்பால் புகட்டாதீங்க.

ரெண்டு வாரத்துல கண் திறக்கும். மூணு வாரத்துல தீனி கொறிக்கும். நாலு வாரம் வரைக்கும் தாய்கிட்டதான் இருக்கணும். அஞ்சு வாரம் முடியறதுக்குள்ள ஆண் குட்டியைத் தாய்கிட்ட இருந்தும் அக்கா தங்கச்சிகிட்ட இருந்தும் பிரிச்சே ஆகணும். நாள்காட்டியில வட்டம் போட்டு வைங்க. யாருக்காவது கொடுக்கறதா இருந்தா அதே பால் ரெண்டாக் கொடுங்க, கூண்டை நேர்ல பார்த்துட்டுக் கொடுங்க.

கோடையில நாக்பூர், தில்லிப் பக்கம் இருக்கறவங்க இன்னும் கவனமா இருக்கணும். எலிக்கு நம்மள மாதிரி வியர்க்காது, வால் வழியாத்தான் சூட்டை வெளியேத்தும். மூடின பால்கனியில வச்சுட்டு ஊருக்குக் கிளம்பிடாதீங்க.

இதெல்லாம் முடியுமான்னு யோசிச்சுட்டு வாங்குங்க. முடியாதுன்னா ஜோடி சேர்க்காதீங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

ரெண்டாவது ஈட்டு ஒன்பதுல மூணை, சரியாப் பார்த்துக்கற ஒரு வீட்ல கொடுத்தேன். ஆறு எங்ககிட்டயே இருந்தது, ஆணும் பெண்ணும் தனித்தனிக் கூண்டுல. நாலு மே மாசத்துல ரெண்டு மே மாசம் தங்கமணியும் பொண்ணும் மட்டும் ஊருக்குப் போனாங்க, நான் எலிக்குக் காவல். கடைசி எலி 2024 டிசம்பர்ல போச்சு. பொண்ணு அழுதா. கூடவே நானும். கூண்டைக் கழுவிப் பரண்ல போட்டாச்சு.

திருச்சிக்காரருக்கு ஃபோன் பண்ணி, "ஆணைப் பிரிச்சாச்சா சார்?"னு கேட்டேன். "எதுக்கு சார், அது பாட்டுக்கு இருக்கு"ன்னார்.

இன்னிக்குச் சாயங்காலம் பரண்ல இருக்கற கூண்டை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போறேன்.