குண்டு துளைக்காத இன்ஜினும், கழற்றி எறிகிற புத்தியும்

அமெரிக்காவில் பழைய ஃபோர்டு சூப்பர் டியூட்டி பிக்கப் வைத்திருப்பவரிடம் போய் "சிக்ஸ் பாயின்ட் ஓ" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று அடிக்க வருவார், இல்லாவிட்டால் அரை மணி நேரம் புலம்புவார் :-) 2003 மாடலில் இருந்து 2007 மாடல் வரை எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினுக்குத்தான் இந்த மரியாதை. ஒட்டியிருந்த பெயர் ஃபோர்டு, செய்து கொடுத்தது நேவிஸ்டார். அதற்கு முன்னால் இருந்த 7.3 லிட்டர் இன்ஜினும் நேவிஸ்டார் செய்ததுதான், அதை இன்றைக்கும் குலதெய்வம் மாதிரி கொண்டாடுகிறார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அதை ஓரங்கட்டிவிட்டு 6.0 வந்தது. வந்த வேகத்திலேயே வாரன்டி பில்கள் குவிந்தன. 2007 ஜனவரியில் ஃபோர்டு தன் சப்ளையர் மேலேயே வழக்குப் போட்டது. 2009 ஜனவரியில் சமரசம். 2011 மாடலில் ஃபோர்டு சொந்தமாகவே ஒரு 6.7 லிட்டர் இன்ஜினை இறக்கிவிட்டது.

ஆக, இன்ஜினில் குறை உண்டு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சண்டை இந்தக் குறையை வைத்து வளர்ந்திருக்கிற "புல்லட் ப்ரூஃபிங்" என்கிற மந்திரத்தோடுதான். ஏழெட்டு பார்ட்ஸை மொத்தமாக வாங்கி மாட்டினால் வண்டி சாகாவரம் பெற்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. கூடவே இலவச இணைப்பாக இன்னொரு யோசனை: ஈ.ஜி.ஆர்.-ஐக் கழற்றி எறி, டியூனரைப் போட்டு பவரை ஏற்று. இதற்கு "ரிலையபிலிட்டி" என்று பெயர் வைத்திருப்பதுதான் கொடுமை.

முதலில் இந்த இன்ஜின் எப்படிச் சாகிறது என்று பார்த்துவிடலாம். சூடான எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது ஈ.ஜி.ஆர். வேலை. அந்த வாயுவைக் குளிர வைக்க ஒரு கூலர் உண்டு, அதற்குள் கூலன்ட் ஓடும். அந்தக் கூலன்ட் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் கதையே இருக்கிறது. வாட்டர் பம்பிலிருந்து கிளம்பி முதலில் ஆயில் கூலருக்குள் நுழைந்து, அதைத் தாண்டிய பிறகுதான் ஈ.ஜி.ஆர். கூலருக்கு வருகிறது. ஆயில் கூலரில் இருப்பதோ குறுகலான பாதைகள். இன்ஜின் பிளாக்கை வார்த்தபோது ஒட்டிக்கொண்ட மணல், கூலன்ட் கெட்டுப்போனால் பிரிந்து வரும் சிலிகேட் சேறு, எல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஈ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் பஞ்சம். உள்ளே போகிற கொஞ்சமும் கொதித்து ஆவியாகிறது, கூலர் வெடித்துக் கசிகிறது, கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. சிலிண்டரைச் சுற்றி நான்கே நான்கு ஹெட் போல்ட். அழுத்தம் எகிறினால் அவை நீண்டு கொடுத்துவிடும். அப்புறம் ஹெட் கேஸ்கெட் போகும். அதை மாற்ற இடம் போதாமல் பல மெக்கானிக்குகள் கேபினையே சேஸிஸிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். பில் பல ஆயிரம் டாலர்.

இந்தச் சங்கிலியில் ஈ.ஜி.ஆர். கூலர் எத்தனையாவது கண்ணி? இரண்டாவது. முதல் கண்ணி ஆயில் கூலர், அதற்கும் முன்னால் நிற்பது அழுக்குக் கூலன்ட். செத்தவன் வீட்டு வாசலில் நின்றவனைப் பிடித்து ஜெயிலில் போடுகிற மாதிரி, கசிந்த கூலரைக் கழற்றி எறிந்துவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்று கையைத் தட்டிக்கொள்கிறார்கள். ஆயில் கூலர் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆயில் சூடேறிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த இன்ஜினில் ஆயில் வெறும் மசகு எண்ணெய் கிடையாது. லோடு ஏறும்போது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தத்தில் இன்ஜெக்டர்களை இயக்குவதே அந்த ஆயில்தான். அது வெந்து நீர்த்துப் போனால் எட்டு இன்ஜெக்டருக்கும் கேடு. ஈ.ஜி.ஆர்.-ஐக் கழற்றியவருக்கு மிச்சம் என்ன? எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பார்ட் போய்விட்டது, அவ்வளவே.

சட்டம் வேறு இருக்கிறது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது குற்றம். இதையெல்லாம் யார் மதிக்கிறார்கள் என்கிறீர்களா? உண்மைதான். அதற்கு முந்தைய பத்தாண்டு காலத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இந்தக் கருவிகள் கழற்றப்பட்டிருக்கின்றன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020 அறிக்கையில் கணக்குச் சொன்னது. அத்தனை பேரும் விட்ட புகையை இழுத்தவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. சுயநலமாக யோசித்தாலும் கணக்கு இடிக்கிறது. கலிஃபோர்னியாவில் 1998-க்குப் பிந்தைய டீசல் பிக்கப்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. கழற்றிய வண்டியை அங்கே விற்க முடியாது. வாங்கும் ஆள் குறைந்தால் விலை என்ன ஆகும் என்று காமர்ஸ் படிக்காதவர்களுக்குக்கூடத் தெரியும்.

காமர்ஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அக்கவுண்டன்சியில் முதல் வருடமே மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரித்துப் படிக்க வைப்பார்கள். புது இயந்திரம் வாங்கினால் அது சொத்து, எண்ணெய் போட்டால் அது செலவு. பிக்கப் ஓனர்கள் மனதிலும் இதே பேரேடு ஓடுகிறது. ஸ்டட், டர்போ, டியூனர் எல்லாம் "வண்டியில் போட்டேன்" என்று சொத்துக் கணக்கில் ஏறும், நண்பர்களிடம் காட்டலாம். கூலன்டை வடித்துக் கழுவி மாற்றியதை யாரிடம் காட்டுவது? ஆனால் இந்த இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கணக்குதான்.

என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டால், முதல் வேலை அளப்பது. ஆயில் வெப்பம், கூலன்ட் வெப்பம் இரண்டுக்கும் சென்சார் இருக்கிறது, இன்ஜின் கம்ப்யூட்டருக்கு இரண்டும் தெரியும். டாஷ்போர்டிலோ ஆயில் வெப்பத்துக்கு முள்ளே வைக்கவில்லை. (இதற்காக மட்டுமே ஃபோர்டை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.) சில நூறு டாலருக்குள் ஒரு மீட்டர் வாங்கி மாட்டினால் இரண்டையும் பார்க்கலாம். நன்றாகச் சூடான வண்டியைச் சமதள நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டும்போது ஆயில், கூலன்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாக இருந்தால் ஆயில் கூலர் அடைக்கிறது என்று அர்த்தம். ஈ.ஜி.ஆர். கூலர் வெடிப்பதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. அப்போது கூலன்ட் பாதையைக் கழுவி, புது ஆயில் கூலர் போட்டு, சிலிகேட் இல்லாத நீண்ட ஆயுள் கூலன்டை ஊற்றி, ஒரு கூலன்ட் ஃபில்டரும் மாட்டினால் அதுதான் நிஜமான புல்லட் ப்ரூஃப். ஈ.ஜி.ஆர். கூலர் பயமாக இருந்தால் அதையும் உறுதியான டிசைனில் வாங்கி மாற்றலாம். கருவி இருக்கும், சட்டமும் மீறப்படாது.

மற்றவை சில்லறை விஷயங்கள், ஆனால் ஆளைக் கொல்லும் சில்லறை. 14 லிட்டர் ஆயிலைக் கடின வேலை வண்டிக்கு 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டீசல் அழுத்தம் 45 பவுண்டுக்குக் கீழே போனால் இன்ஜெக்டர் தேயும், அதற்கு ஃபோர்டே விற்கிற ஒரு நீல ஸ்பிரிங் போதும், விலை அற்பம். இன்ஜெக்டர்களுக்கு 48 வோல்ட் அனுப்பும் பெட்டி, பேட்டரி இரண்டும் நோஞ்சானாக இருந்தால் திணறித் திணறிச் செத்துப்போகும். பெட்டியைக் குறை சொல்வார்கள், பேட்டரி ஐந்து வருடம் பழசு என்பதைச் சொல்ல மாட்டார்கள்!

ஹெட் ஸ்டட் போடுவதை மட்டும் முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. நீண்டு கொடுக்கும் போல்டுக்குப் பதில் உறுதியான ஸ்டட் நல்ல மருந்துதான். ஆனால் ஹெட்டை ஏதோ காரணத்துக்குக் கழற்றும்போது போட வேண்டிய மருந்து அது. சரியாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை, அடைத்த ஆயில் கூலரை அப்படியே உள்ளே விட்டுவிட்டு, ஸ்டட்டுக்காகப் பிரிப்பது... தலைவலிக்கு மூட்டை மாற்றுவது போல.

டியூனர் கோஷ்டிக்கு ஒரு தகவல். இதே இன்ஜினை ஃபோர்டு ஈ-சீரிஸ் வேன்களில் 2010 வரை வைத்தது. பிக்கப்பில் 325 குதிரைசக்தி, வேனில் 235. செய்து விற்ற கம்பெனியே குறைத்துக்கொண்ட இடத்தில், நான்கு போல்டை நம்பி மேலே ஏற்றுகிறவர்கள் பிறகு கேஸ்கெட் போனதும் நேவிஸ்டாரைத் திட்டுகிறார்கள். அந்த ஒரு கேஸ்கெட்டுக்காவது நேவிஸ்டாரை விட்டுவிடலாம்.

"கம்பெனி செய்த தப்புக்கு வாங்கினவன் ஏன் மீட்டர் மாட்டிக்கொண்டு அலைய வேண்டும்?" நியாயமான கேள்வி. அலைய வேண்டியதே இல்லை, கம்பெனிதான் சரிசெய்து கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வண்டிகளில் கடைசியாக வந்ததற்கே வயது 18 தாண்டிவிட்டது. வாரன்டி செத்து, வழக்கு முடிந்து, வண்டி மூன்று நான்கு கை மாறிவிட்டது. இன்று அதை வைத்திருப்பவர் குதிரை டிரெய்லர் இழுப்பவர், சின்ன கான்ட்ராக்டர், புது டீசல் பிக்கப் விலையைப் பார்த்து மயங்கி விழுந்தவர். அவருக்குத்தான் இந்த ஏழாயிரம் எட்டாயிரம் டாலர் பேக்கேஜை விற்கிறார்கள்.

பழைய வண்டி விளம்பரங்களில் "முழுக்க புல்லட் ப்ரூஃப் செய்யப்பட்டது" என்ற வரி வந்தாலே விலை ஏறிவிடுகிறது. வாங்கப் போகிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய், கூலன்ட் டப்பா மூடியைச் சுற்றி வெள்ளைக் கறை இருக்கிறதா என்று பார்க்கட்டும். நெடுஞ்சாலையில் இருபது மைல் ஓட்டி இரண்டு வெப்பத்தையும் குறித்துக்கொள்ளட்டும். அப்புறம் ஆயிலும் கூலன்டும் மாற்றிய பில்லைக் கேட்கட்டும். ஸ்டட் வாங்கிய பில் உடனே வரும், ஃபோட்டோவோடு. மற்றது "முந்தைய ஓனரிடம் இருக்கும்" என்பார்கள் :-)